விலைக்கு வந்த தேர்

சென்ற ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், கள்ளக்குறிச்சியில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் தயங்கி நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பது; ஞாயிறு தவறாதவர்; கோவில் மின்விசிறிகளைக் கூலி வாங்காமல் பழுதுபார்த்துத் தருபவர். “சாமி, ஒண்ணு கேக்கணும். பாவசங்கீர்த்தனம் இல்லீங்க. ஆனா அது பாவமா இல்லையான்னு எனக்கே தெரியலை” என்றார். பெரிதாக எதையோ எதிர்பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டோம். அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சேலத்தில் ஏதோ ஒரு கொட்டகையில் புழுதி படிந்து நிற்கும் சிறிய கார், இரண்டே கதவுகள், வெளிர்நீல நிறம். 1965ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கிறார்களாம். “வாங்கலாங்களா சாமி?”

“இதில் பாவம் என்ன இருக்கிறது?” என்று சிரித்து அனுப்பிவிட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மனிதர் ஒருவர் தம் ஆசையை எடுத்து வந்து, இதைச் சோதித்துப் பாருங்கள் என்று நம் முன் வைக்கிறார். நாமோ அதை ஒரு விளையாட்டுப் பொருளாக எண்ணிச் சிரித்துவிட்டோம். திருடினேன், அடித்தேன் என்று வந்திருந்தால் எவ்வளவு பொறுமையோடு கேட்டிருப்போம்! நம் இறையியல் கல்லூரியில் பாவங்களைத் தரம் பிரிக்கக் கற்றுத்தந்தார்கள். பாவம் அல்லாத ஆசைகளைத் தரம் பிரிப்பது அதைவிடக் கடினம் என்பதைப் பங்குப் பணியில்தான் கற்க வேண்டியிருக்கிறது.

ஹெரால்டு என்றால் என்னவென்று இளைய வாசகர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய மூன்று கார்களே பெரும்பாலும் ஓடின. பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அம்பாசடர், ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறப்பு. ஃபியட் இத்தாலிய வழிவந்தது. ஹெரால்டு மட்டும் நம் சென்னைக்குச் சொந்தம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தார் செய்தார்கள். வடிவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோத்தி என்னும் இத்தாலியர். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோத்தியின் கைவண்ணத்தில் 1962இல் பிறந்ததுதான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிட்ஃபயர் நம் நாட்டில் உருவாகவில்லை. ஆனால் அதன் அண்ணன் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிற்று. நம் அன்பரும், “இது அதோட கூடப்பொறந்ததுங்க சாமி” என்று பெருமையோடுதான் சொன்னார்.

அந்த வண்டியின் தனித்தன்மைகளை அவர் விரித்துரைத்ததை இங்கே எழுதாமல் விட மனம் இல்லை. முன்பக்கத்து மூடியும் இருபுறச் சக்கரக் காப்புகளும் ஒன்றாக இணைந்து, முதலையின் வாய் போல முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுமையாக வெளியே தெரியும். பழுதுபார்ப்பவன் குப்புறப் படுக்க வேண்டியதில்லை. கூரை போல்ட்டுகளால் பூட்டப்பட்டது, கழற்றி எடுத்துவிடலாம். இருபத்தைந்து அடி அகலத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர். ஆற்றல் நாற்பது குதிரைத்திறனைத் தொடாது. குறையும் உண்டு. பின்சக்கரங்களைத் தாங்கும் ஊசலாடும் அச்சு, வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்நோக்கி மடங்கும். நம் சாலைகளின் குழிகளுக்கு அது ஒத்துவராது என்று கண்டே, பின்னர் வந்த கெஸல் என்னும் வண்டிக்கு நேரான கெட்டி அச்சு வைத்தார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த ஹெரால்டை ஓட்டுவது விவேகமன்று என்பது நம் கருத்து. அதையும் அவரிடம் பிறகு சொன்னோம்.

மறு ஞாயிறு அவரை நாமே அழைத்தோம். முதலில் கேட்டது கடனைப் பற்றி. நீதியின் கணக்கை முடிக்காமல் அன்பின் கணக்கைத் தொடங்கக் கூடாது என்பது பழைய பாடம். கடன் இல்லை; கடையில் வேலை செய்யும் மூவருக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் சேர்த்து ஊக்கத்தொகை கொடுத்தாயிற்று; மகளின் செவிலியர் படிப்புக்குக் கடைசித் தவணையும் கட்டியாயிற்று. கடன் இருந்திருந்தால் நம் வேலை எளிதாயிருக்கும். “வீட்டில் சொல்லிவிட்டீரா?” என்றோம். அவர் தரையைப் பார்த்தார்.

அந்த மௌனம்தான் இந்தக் கட்டுரையின் வித்து. மூன்று இலட்சத்தை மனைவியிடம் மறைக்க முடியாது. கொட்டகையில் நிற்கும் வண்டி ஒருநாள் வாசலுக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஆகவே அவர் மறைத்தது பணத்தை அன்று, ஆசையை. வீட்டாரிடம் சொல்ல நாணுகிற ஒன்றை நெஞ்சு தனக்குள்ளே வைத்துக்கொண்டிருந்தால், அது தீயது என்று ஆகிவிடாது. சில வேளைகளில் மிக நல்லவற்றைச் சொல்லத்தான் நாவு எழாது. எதனால் நாணுகிறோம் என்பதையாவது அறிய வேண்டும் அன்றோ?

பிறகு அவர் மெல்லச் சொன்னார். அவருடைய தந்தை சின்னசேலத்தில் ஒரு மருத்துவரிடம் ஓட்டுநராக இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர். மருத்துவரின் கார் ஒரு ஹெரால்டு. விடியற்காலையில் அதைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு, மிதிவண்டியில் வீடு திரும்பிக் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி போவாராம். ஆண்டுதோறும் ஜூன் மாதம் மேல்நாரியப்பனூர் அந்தோணியார் திருவிழாவுக்கு மருத்துவரின் குடும்பத்தாரை அவர் காரில் கொண்டுபோய் விடுவார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வெயிலில் நடந்து போய்ச் சேர்வார்கள். யாரும் கொடுமை செய்யவில்லை. அன்றைய உலகம் அப்படி இருந்தது. “அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகுதுங்க. அந்தப் பின்சீட்டுல ஒரு தடவை உக்கார வெச்சு அந்தோணியார் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

நாம் உடனே உருகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் நம் மனம் அந்த வேளையில் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. கல்வராயன் மலையில், வண்டி போகும் பாதை இல்லாத குடியிருப்பிலிருந்து நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து வருவதை நாம் நேரில் கண்டதுண்டு. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி வாழும் மலை அது. மலைக்கு ஏற ஒரு பழைய ஜீப் வேண்டும் என்பது நம் நெடுநாளைய எண்ணம். அதோடு, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதே நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் தெருக்களின் வழியே நடந்தவர்களுக்கு, மூன்று இலட்சத்தில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு அடங்கும் என்று எண்ணாமல் இருக்க இயலாது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், நம்மிடம் மிகுதியாய் இருப்பது இல்லாதவனுக்கு உரியது என்று அஞ்சாமல் போதித்தார். அந்தப் போதனையைத் திருச்சபை ஒருபோதும் கைவிடவில்லை.

ஆனால் பெத்தானியா வீட்டில் விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் மரியா ஊற்றியபோது, இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் போட்டது யார்? பணப்பை யார் கையில் இருந்ததோ, அவன்தான் என்று யோவான் குறித்து வைக்கிறார். பங்கின் பணப்பை நம் கையில் இருக்கிறது. அந்த அன்பர் உழைத்துச் சேர்த்ததைப் பார்த்த கணத்தில் நமக்கு ஜீப் நினைவுக்கு வந்தது. நல்ல காரியத்துக்காகப் பிறர் பொருளை இச்சிப்பதும் இச்சைதான். தைலத்தின் விலையைச் சொன்னவன் பொய் சொல்லவில்லை. முந்நூறு தெனாரியம் பெறும் என்பது சரியான கணக்கே. கணக்கு சரியாயிருந்தும் உள்ளம் கோணலாயிருக்கக் கூடும். ஆதலால் ஜீப்பைப் பற்றி அவரிடம் நாம் வாய் திறக்கவில்லை. பசிலியாரின் போதனையை அவர் தாமாகவே கேட்டு உணர வேண்டும்; நம் தேவைக்கு அதை ஒரு கொக்கியாக்கக் கூடாது.

புனித அகுஸ்தீனார் 396ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய கிறிஸ்தவப் போதனை பற்றிய நூலில், பொருள்களைப் பயன்படுத்துவது வேறு, அவற்றிலேயே இளைப்பாறித் துய்ப்பது வேறு என்று பிரிக்கிறார். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு வியப்பானது. தாயகம் திரும்பப் புறப்பட்டவர்கள், வழியின் அழகிலும் வண்டியின் ஓட்டத்திலும் மயங்கிப் பயணம் முடிந்துவிடக் கூடாதே என்று ஏங்கத் தொடங்கினால், அவர்கள் தாயகத்தை இழப்பார்கள் என்கிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வண்டி மோகத்தை அறிந்திருந்தார் போலும்! இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நம் இளமை நினைவுக்கு வரும். உதவிப் பங்குத் தந்தையாய் இருந்தபோது நமக்கு ஒரு ராயல் என்ஃபீல்டு புல்லட் தந்திருந்தார்கள். அதுவும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து 1955இல் சென்னைக்கு வந்து சேர்ந்த மரபுதான். மலைக் கிராமங்களுக்கு அதில்தான் போவோம். சனிக்கிழமை மாலை செபப் புத்தகம் மேசையில் காத்திருக்க, நாம் முற்றத்தில் அதன் உருளையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருப்போம். இடமாற்றம் வந்த நாளில் மக்கள் அழுதார்கள், நாமும் அழுதோம். நம் கண்ணீரில் ஒரு பங்கு புல்லட்டுக்கு உரியது என்பதை இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை.

எனினும் அகுஸ்தீனாரோடு நிறுத்திக்கொண்டால் நாம் மனிதரை வறளச் செய்துவிடுவோம். புனித தோமாஸ் அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டுக்கென்றே ஒரு நற்பண்பை வகுக்கிறார். அரிஸ்டாட்டிலின் சொல்லால் அதை யூத்ரப்பேலியா என்கிறார். அங்கே பழைய துறவியர் நூலிலிருந்து ஒரு கதையையும் எடுத்தாள்கிறார். திருத்தூதர் யோவான் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர் ஒருவனை வில்லை வளைக்கச் சொன்னார். மீண்டும் மீண்டும் வளைக்கச் சொன்னார். இப்படியே ஓயாமல் வளைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அப்படித்தான் என்றாராம். தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பவன் அறிவுக்கு மாறாக நடக்கிறான் என்பது அக்குவினாரின் தீர்ப்பு. வேடிக்கை விரும்பாத சில குருக்களை மனத்தில் வைத்து இதை எழுதினாரோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

நன்றாகச் செய்யப்பட்ட ஒரு பொருளைப் பேணுவதில் ஒரு நன்றியும் இருக்கிறது. உதிரிபாகம் கிடைக்காத வண்டிக்கு, கடைசல் பட்டறையில் புதிதாக ஒன்றைக் கடைந்து பொருத்தும் கைகள் சேலத்திலும் கோவையிலும் இன்றும் இருக்கின்றன. ஆனால் அரசு 2021 ஜூலையில் வகுத்த விதி ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவுசெய்து தனி எண் பெறலாம். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. அகுஸ்தீனாரின் பிரிவினையை அரசிதழே எழுதிவிட்டது போல இருக்கிறது! இந்தப் பொருளைப் பயன்படுத்தலாகாது. துய்க்க மட்டுமே செய்யலாம். அன்பரிடம் இதைச் சொன்னபோது, பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். காதல் கொண்டவன் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருப்பான்.

வண்டிகளைப் பற்றித் திருச்சபையின் அண்மை வரலாற்றிலும் சில செய்திகள் உண்டு. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தமக்கு அளிக்கப்பட்டிருந்த லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதைக் குலுக்கல் பரிசாக வைத்துப் பணம் திரட்டித் தொழுநோயாளருக்கான குடியிருப்புக்குச் செலவிட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலையில், குரு ஒருவர் புத்தம்புதிய காரில் வருவதைக் கண்டால் தமக்கு வலிக்கிறது என்று குருமாணவரிடம் பேசினார். அடுத்த இரண்டு மாதத்தில் இத்தாலியக் குரு ஒருவர் மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய 1984ஆம் ஆண்டு ரெனோ 4 வண்டியைக் கொடுக்க, மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு தாமே ஓட்டினார். பழைய வண்டிக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தவர்கள், அதை எளிமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அங்கே ஒரு சிறுவனின் உவகையும் இருந்தது. மறைமாவட்டக் குருக்களாகிய நாம் வறுமை வார்ப்பாடு கொடுத்தவர்கள் அல்லர். எளிய வாழ்வை மேற்கொண்டு வீண்பகட்டின் சாயலை விலக்க வேண்டும் என்று மட்டுமே 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. அந்தச் ‘சாயல்’ என்ற சொல்தான் நம்மை உறங்கவிடாது.

மூன்றாவது சந்திப்பில் ஒரு சோதனை வைத்தோம். “அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்வதுதானே நோக்கம்? திருமணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு ஹெரால்டைத் தேடிப் பிடித்து ஒருநாள் எடுத்துக்கொண்டால் போதுமே?” அவருடைய முகம் வாடியதை மறக்க முடியாது. அம்மாவுக்காக என்று அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று. தந்தை இருபது ஆண்டு துடைத்த வண்டிக்குத் தாம் உரிமையாளராக வேண்டும் என்பதே அடியில் கிடந்தது. அவரே சற்று நேரம் கழித்து, “வாடகை வண்டின்னா அப்பவும் அது இன்னொருத்தர் வண்டிதானுங்களே சாமி” என்றார். இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. உடைமை ஆசை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது.

லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், பெருந்தொகை ஒன்றை அடைந்து அதன்மேல் பற்றுக்கொண்ட மூவகை மனிதரை நிறுத்துகிறார். முதல் வகையார் பற்றை விட விரும்புகிறார்கள். சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. இரண்டாம் வகையார் பற்றையும் விட வேண்டும், பொருளும் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். தாம் விரும்பும் இடத்துக்குக் கடவுள் வந்து சேர வேண்டும் அவர்களுக்கு. மூன்றாம் வகையார், வைத்திருப்பதானாலும் விடுவதானாலும் சம்மதம் என்ற நிலைக்கு வந்து நிற்கிறார்கள். நாம் பெரும்பாலும் இரண்டாம் வகை. புல்லட் விஷயத்தில் ஐயமின்றி இரண்டாம் வகை.

இதையெல்லாம் லொயோலாவுக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதும் இல்லை. நம் மாவட்டத்துத் திருக்கோவிலூர் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட மண். வந்தவர்க்கெல்லாம் தேர் ஈந்தவன் என்று சங்கப் புலவர் பாடிய வள்ளல். கபிலர் புறநானூற்றின் 123ஆம் பாட்டில் அவனை ஒரு நுட்பமான இடத்தில் புகழ்கிறார். காலையிலேயே கள்ளுண்டு களித்திருக்கும் அவையில் தேரைத் தூக்கிக் கொடுப்பது எவர்க்கும் எளிது. மலையனோ களிப்பின்றித் தெளிந்த நிலையில் கொடுத்த தேர்கள், முள்ளூர் மலைமேல் பெய்த மழைத்துளியினும் பல என்பது அதன் கருத்து. கொடுப்பதற்கே தெளிவு வேண்டுமென்றால் வாங்குவதற்கு எவ்வளவு வேண்டும்! அன்பரிடம் நாம் கேட்டுக்கொண்டது இரண்டே. வீட்டில் சொல்ல வேண்டும். கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்க்காமல் ஒரு மாதம் இருக்க வேண்டும்.

இரண்டாவதை அவரால் நிறைவேற்ற முடியவில்லை, ஒப்புக்கொண்டார். முதலாவதை நிறைவேற்றினார். அவருடைய மனைவி கோபிக்கவில்லையாம். “மாமா அந்த வண்டியைத் தொடச்சே செத்தாரு, நீங்களும் தொடச்சுக்கிட்டு இருக்கணும்னு ஆசைப்படறீங்க. அத்தையைக் கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாராம். கேட்டிருக்கவில்லை. யாருடைய பெயரால் இவ்வளவும் நடந்ததோ, அந்தத் தாயை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நாமும்தான் கேட்கத் தூண்டவில்லை.

இதற்கிடையே சேலத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வண்டியின் அடியில் படுத்து, திருப்புளியால் சட்டத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார். துரு பொலபொலவென்று உதிர்ந்ததாம். சொன்ன விலையில் எண்பதாயிரம் குறைந்துவிட்டது. சோதனைகள் எப்போதும் விலை குறைந்தே வருகின்றன.

அம்மாவிடம் படத்தைக் காட்டியபோது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “கதவு இந்தப் பக்கமா தொறக்கும்? உங்கப்பா தொறந்து விடுவாரு, பாத்திருக்கேன்” என்றாராம். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வருகிற செவ்வாய், அந்தோணியாருக்குரிய நாளில், காலைத் திருப்பலிக்குப் பிறகு மூவரும் சேலத்துக்குப் பேருந்தில் போகிறார்கள். “சாமியும் வந்தா நல்லாயிருக்கும்” என்று நேற்று வந்து அழைத்தார். பங்கு அலுவல்கள் இருக்கின்றன, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை அலுவல் எதுவும் குறித்து வைக்கவில்லை என்பதை அவர் போன பிறகு நாட்குறிப்பைத் திறந்து இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டோம்.